தெளியாத பானை

பானையின் அடியில் படிந்திருந்த வண்டலில் ஒரு கை பதிந்திருந்தது.

விடிந்தும் விடியாத நேரம். அனுசுயா கொல்லைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, உள்ளே வந்த சாம்பல் வெளிச்சத்தில், பானைத் தண்ணீரை அலுங்காமல் குலுங்காமல் செம்பு செம்பாக மொண்டு அண்டாவில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அடிக்கலங்கல் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். விரற்கடை உயரத்துக்குக் கருத்த வண்டல். அதன் நடுவே, ஐந்து விரலையும் அகல விரித்து அழுத்தி எடுத்த மாதிரி ஒரு தடம். மேலே மிஞ்சி நின்ற தண்ணீர் ஆட ஆட அந்த விரல்களும் ஆடின.

தன் கைதான் என்று நினைத்தாள். நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் பானைக்குள் கைவிட்டுத் தண்ணீர் தெளிவதற்காகத் தேத்தாங்கொட்டையை உரைத்தவள் அவள்தானே, வேறு யார் கை படப்போகிறது? அப்படி நினைத்துக்கொண்டே பானையைத் தூக்கிப் போய், கொல்லையில் வாழை சாய்ந்து கிடந்த இடத்தில் கவிழ்த்தாள். வண்டல் சொத்தென்று விழுந்தது. அப்போதுதான் மனசில் தட்டியது. கொட்டையை உரைத்தது தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால். வண்டல் படிந்தது ராத்திரி முழுக்க. கை பட்டது முந்தி, மண் படிந்தது பிந்தி என்றால், தடம் எப்படி மண்ணுக்கு மேலே இருக்கும்?

"எலி கிலி விழுந்திருக்கும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். பானைக்குத் தட்டு மூடி, தட்டின் மேல் அம்மிக்குழவியை ஏற்றி வைத்தது அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. எலிக்கு அவ்வளவு நீள விரல் கிடையாது என்பதும் தெரியும். ஆனால் அன்றைக்குப் பயப்பட அவளுக்கு நேரம் இல்லை. உள்ளே பாயில் கிடந்த ஆர்த்தி, "அம்மா, தண்ணி" என்று முனகினாள்.

அது புயல் அடித்த எட்டாம் நாள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, நாற்பது வீடு இருக்கிற ஊர் அது. தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த சீமை. வாய்க்கால், வடிகால், குளம், குட்டை என்று காலை எடுத்து வைத்தால் தண்ணீர்தான். புயலுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம், வயலுக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அத்தனையிலும் குடிக்க ஒரு மடக்கு கிடையாது என்பதை யாரிடம் போய்ச் சொல்ல? வடிகால் வழியாகக் கடல் ஏறி வந்து, அடிபம்பில் உப்பு வைத்துவிட்டுப் போய்விட்டது. மின்கம்பம் வரிசையாகப் படுத்துவிட்டதால் பஞ்சாயத்து மோட்டார் ஓடவில்லை. மாடியில் இருந்த கறுப்புத் தொட்டி மூன்றாம் நாளே வறண்டுவிட்டது. அதற்குப் பிறகு காப்பாற்றியது விழுந்த தென்னைகள்தான். ஊரே படுத்துக்கிடந்த மரங்களில் இளநீர் சீவிக் குடித்தது. நாலாம் நாள் அதுவும் புளித்துப்போய் வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது.

அவள் புருஷன் வசந்தகுமார், புயலுக்கு முதல் நாள் மீன்பிடி போட்டைக் கயிறு போட்டுக் கட்டுவதற்காக நாகப்பட்டினத்துக்குப் போனவன். போன் அன்றைக்கே செத்துவிட்டது. இருக்கிறானா இல்லையா என்று நினைக்க ஆரம்பித்தால் கை கால் ஓடாது என்பதால், அவள் அதை நினைக்காமல் தள்ளி வைத்திருந்தாள். வீட்டில் அவளும் ஆறு வயது ஆர்த்தியும்தான்.

மிச்சம் இருந்தது ஐயனார் குளம். அதன் நிலைமையைச் சொல்ல வாய் கூசும். கரையில் நின்ற புளியமரமும் வேம்பும் அதற்குள்தான் விழுந்திருந்தன. இலை அழுகித் தண்ணீர் தேயிலைச் சாய நிறத்தில் கிடந்தது. இரண்டு ஆடுகள் உப்பி மிதந்ததை இழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் குடத்தோடு நின்றவளுக்கு வழி சொன்னவள் அம்சம்.

அம்சம் இரண்டு வீடு தள்ளி இருந்தாள். கூடை மீன் விற்கிறவள். மகன் திருப்பூரில், வீட்டில் அவள் ஒருத்தி. எப்போதும் மீன் கவிச்சியும் வெற்றிலையும் கலந்த ஒரு வாசனை அவளுக்கு முன்னால் வந்து அவளுக்குப் பின்னால் போகும். வலது கை மோதிர விரலில் ஒரு கணு கிடையாது. அருவாமணையில் வஞ்சிரம் நறுக்கும்போது போனதாம். "அந்தத் துண்டையும் கிலோவுல சேத்து நிறுத்துட்டேன்டி" என்று சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

நாலாம் நாள் மத்தியானம் அவள் ஒரு பழைய டப்பாவோடு வந்து, பாதி தேய்ந்த தேத்தாங்கொட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இத வச்சுக்க அனுசு. சந்தனம் உரைக்கிற மாதிரி பானைக்கு உள்பக்கமா உரைச்சிட்டு, வேட்டித்துணிய நாலா மடிச்சு வடிகட்டி ஊத்து. ராவு பூரா அசைக்காத. காலையில பாரு, கண்ணாடி கெட்டுது. அப்பறம் கொதிக்க வச்சுக் குடு புள்ளைக்கு."

"உங்களுக்கு வேணாமாக்கா?"

"எங்கிட்ட இன்னொரு துண்டு கெடக்கு. எனக்கென்ன, ஒத்த வயிறு. நீ புள்ளைய வச்சிருக்க."

சொல்லிவிட்டு அவளே பானைக்குள் கையை விட்டு முதல் தடவை உரைத்துக் காட்டினாள். சுர் சுர் என்று அந்தச் சத்தம். மறுநாள் காலையில் தண்ணீர் அவள் சொன்னபடியே தெளிந்திருந்தது. அடியில் கிடந்த ஒற்றை வேப்பிலையின் நரம்பைக்கூட எண்ணலாம் போலிருந்தது. அனுசுயா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் அவள் பொய் சொன்னாள்.

ஆறாம் நாள் சாயங்காலம் அது. முந்தின நாளிலிருந்தே ஆர்த்திக்கு வயிற்றுப்போக்கு. இளநீர் செய்த வேலையா, வேறு எதுவா, யாருக்குத் தெரியும்? இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்த நர்சம்மா நாலு பாக்கெட் உப்புச்சர்க்கரைப் பொடியைக் கையில் கொடுத்து, "கொதிக்க வச்ச தண்ணியில கரைச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. தண்ணி நின்னா புள்ள தாங்காது, சொல்லிட்டேன்" என்று எச்சரித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருந்தாள். ஒரு பானை தெளிய ஒரு ராத்திரி. கொட்டை உரைக்க இருப்பது ஒரு மண்பானை. அதில் பாதி பகலிலேயே தீர்ந்துவிட்டது. மிச்சப் பாதியை அனுசுயா பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். தான் குடிக்கவில்லை. உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள்.

அம்சம் கொல்லை வாசற்படியில் வந்து நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பதுதான் சரி. கையில் அவளுடைய நசுங்கிச் சொட்டை விழுந்த எவர்சில்வர் செம்பு. அதைப் படியில் வைத்தபோது ணங்கென்று ஒரு சத்தம்.

"பானை ஒடஞ்சிருச்சு அனுசு. கொளத்துத் தண்ணியத்தான் அப்படியே குடிச்சேன். மத்தியானத்துலேருந்து வாந்தி, நிக்கல. ஒரு செம்பு குடேன்."

அந்தப் பக்கத்தில் சோறு இல்லை என்று சொல்வார்கள், காசு இல்லை என்று சொல்வார்கள். தண்ணீர் கேட்டு வந்தவரிடம் இல்லை என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்வதில்லை. சொன்னால் குடும்பத்துக்கு ஆகாது. அனுசுயாவுக்கும் அந்தச் சொல் வரவில்லை. வந்ததெல்லாம் வேறு.

"இன்னும் தெளியலக்கா. இப்பதான் உரைச்சு ஊத்தினேன். காலையில வாங்க."

பானை வாசலுக்கு நேரே இருந்தது. பக்கத்தில் சிம்னி விளக்கு எரிந்தது. அம்சம் எட்டிப் பார்த்தாள். விளக்கின் சுடர் தண்ணீருக்குள் நின்றது. பானையின் அடி வரைக்கும் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு அனுசுயாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சரிம்மா. தெளியட்டும். காலையில வர்றேன்."

எப்போதும் அனுசு என்று கூப்பிடுகிறவள். அன்றைக்குத்தான் 'அம்மா' போட்டாள், அந்நியரிடம் பேசுவது மாதிரி. செம்பை எடுத்துக்கொண்டு இருட்டுகிற கொல்லையில் இறங்கிப் போனாள். தூங்குவதாக நினைத்திருந்த ஆர்த்தி பாயிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"தெளிஞ்சுதானம்மா இருக்கு. ஏம்மா தெளியலன்னு சொன்ன?"

"சும்மா இரு. கண்ண மூடிப் படு."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லி வைத்திருக்கிறார்களே, ஆபத்துக்குப் பாவமில்லை என்றும் சொல்லி வைத்திருக்கிறார்களே. அனுசுயா இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு செம்புதானே, கொடுத்திருக்கலாம் என்பதும் ஒரு பக்கம் அறுத்தது. எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தாள். போகவில்லை.

ஏழாம் நாள் காலையில் பஞ்சநதம் போட்ட சத்தத்தில் ஊர் கூடியது. பஞ்சாயத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர் அவர். ஐயனார் குளத்துக்கு முதலில் போனவரும் அவர்தான். அம்சம் கடைசிப் படியில் குப்புறக் கிடந்தாள். முகம் தண்ணீருக்குள். குடிக்கக் குனிந்தவள் அப்படியே போயிருக்கிறாள். வலது கை மணிக்கட்டு வரைக்கும் சேற்றில் ஊன்றியிருந்தது. இரண்டு பேர் இழுத்து எடுத்தபோது, அந்த இடத்தில் விரல் தடம் குழிகுழியாக நின்றது. தண்ணீர் மெதுவாக வந்து அதை நிரப்பியதை அனுசுயா பார்த்துக்கொண்டு நின்றாள். செம்பு மட்டும் அகப்படவில்லை.

எரிக்கக் காய்ந்த விறகு ஊரில் இல்லை. அன்றைக்கு மத்தியானமே புதைத்தார்கள். அனுசுயா எல்லாரோடும் சேர்ந்து அழுதாள். நிஜமாகத்தான் அழுதாள். ஆனால் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சாயங்காலம் மறு கரைக்குப் போய் அதே குளத்திலிருந்து குடத்தை நிரப்பி வந்தாள். வேறு எங்கே போவாள்? அம்சம் கொடுத்த கொட்டையை எடுத்து, பானைக்குள் கைவிட்டு உரைத்தாள்.

மறுநாள் காலையில்தான் அந்தத் தடம்.

ஒன்பதாம் நாள் அவளை எழுப்பியது ஒரு சத்தம். ணங். ஒரே ஒரு தடவை, கொல்லை வாசற்படிப் பக்கமிருந்து. எழுந்து கதவைத் திறந்தாள். கொல்லை காலியாகக் கிடந்தது. சாய்ந்த வாழைகளின் மேல் பனி இறங்கியிருந்தது. அழுகிய இலை நாற்றத்துக்கு நடுவே, லேசாக, வெற்றிலையும் மீன் கவிச்சியும். படியில் ஒரு வட்டமான ஈரம். செம்பை வைத்து எடுத்தால் விழுகிற அளவு வட்டம்.

அவள் கதவைச் சாத்தினாள். பானைமேல் இருந்த குழவியை இறக்கி, தட்டை எடுத்தாள். ராத்திரி முழுக்க அசையாமல் இருந்த தண்ணீர் தெளியவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கலாகவே நின்றது. மொண்டு ஊற்றிவிட்டு அடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். தடம் இருந்தது. இந்தத் தடவை விளக்கைக் கொளுத்திக்கொண்டு வந்து, குனிந்து, விரல் விரலாகப் பார்த்தாள். பெருவிரல். ஆள்காட்டி விரல். நடுவிரல். அதற்கடுத்தது பாதியில் நின்றுவிட்டது.

சத்தம் போட்டு அழக்கூட முடியவில்லை. பிள்ளை பயந்துவிடுவாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கலங்கிய தண்ணீரை வடிகட்டி, கொதிக்க வைத்து, அந்தப் பொடியைக் கரைத்துக் கொடுத்தாள். ஆர்த்தி இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சேறு வாசன அடிக்குதும்மா."

அன்றைக்குப் பஞ்சநதம் வாசலோடு போனார். அவரை நிறுத்திக் கேட்டாள்.

"அண்ணே, உங்க வீட்டுல தண்ணி தெளியுதா?"

"நல்லா தெளியுதே தங்கச்சி. அம்சம் குடுத்த கொட்டைதான். எங்க வீட்டுக்கும் ஒண்ணு குடுத்திருந்துச்சு, மகராசி. ஏன், உனக்கு வேணுமா?"

அவர் வீட்டுக்குப் போய் நின்றாள். அவர் சம்சாரம் மங்களாம்பிகை மறுபேச்சுப் பேசாமல் ஒரு செம்பு மொண்டு கொடுத்தாள். கேட்டதும் கொடுத்துவிட்டாள். அனுசுயாவுக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. செம்புக்குள் தண்ணீர் பளிங்காக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், கண்ணை எடுக்காமல் நடந்தாள். தெருமுனையில் லேசாக மங்கியது. வெயில் மறைந்ததால் என்று நினைத்தாள். வீட்டு வாசலில் புகை மாதிரி ஒன்று அடியிலிருந்து சுருண்டு எழுந்தது. ஆர்த்தியின் டம்ளரில் ஊற்றியபோது குளத்துத் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

தோஷம் வீட்டில் இல்லை. பானையிலும் இல்லை. அவள் கையில்தான் இருந்தது.

ஆனாலும் மனசு விடுகிறதா? வைக்கோலும் சாம்பலும் போட்டுப் பானையைத் தேய் தேயென்று தேய்த்தாள். பிறகு அதையே உடைத்துப் போட்டாள். பரணிலிருந்து எவர்சில்வர் குடத்தை இறக்கினாள். அதன் கழுத்துக்குள் பெரிய ஆள் கை நுழையாது. கொட்டையைக் கல்லில் உரைத்து அந்த விழுதைத் தண்ணீரில் கலக்கி ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, அதன் மேல் தட்டு வைத்து, குழவியை ஏற்றினாள். அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள்.

பத்தாம் நாள் காலை. ணங்.

அவள் கதவைத் திறக்கவில்லை. குடத்தின் துணியை அவிழ்த்தாள். முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. கலங்கல். குடத்தைச் சாய்த்து, விளக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனாள். அடி சரியாகத் தெரியவில்லை. தெரிந்த வரைக்கும் அங்கே ஒன்றும் இல்லை. தடம் மேலே வந்திருந்தது. குடத்தின் தோள்பட்டையில், உள்பக்கமாக, கழுத்துக்குச் சற்றுக் கீழே. நான்கு விரல் முழுசு, ஒன்று குறை. விரல் நுனிகள் வாயைப் பார்த்து இருந்தன. வெளியே வரப் பிடி தேடுகிற கை அது.

அன்றோடு அடுப்பில் கேஸும் தீர்ந்தது. ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம், தண்ணீரில் ஆவி பறக்கவேயில்லை. ஆர்த்தியின் கண்கள் உள்ளே போய்விட்டன. தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. நாளைக்கு விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மங்களாம்பிகையின் வீட்டுக்கே போய்விடுவது, அவள் கையால் புகட்டச் சொல்வது என்று முடிவு செய்தாள். இன்றைக்கே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள். நாலு நாள் பட்டினியில் அவளுக்கே நிற்க முடியவில்லை. படுத்து எழுந்தால் கொஞ்சம் தெம்பு வரும் என்று நினைத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு செம்பு நிறைய அந்தக் கலங்கல் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொல்லைப்படியில் வைத்தாள். தரையில் நெற்றி பட விழுந்தாள்.

"அக்கா, தெளிஞ்சுதான் இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன். எம்புள்ளைக்காகச் சொல்லிட்டேன். என்னை என்ன வேணா செய்ங்க. அவளுக்கு மட்டும் தண்ணி தெளிய விடுங்க."

கொல்லையில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. உள்ளே பாயில் ஆர்த்தி யாருக்கோ பதில் சொல்வது போல 'ம்' என்றாள்.

அனுசுயா சுவரில் சாய்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தூங்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தாள். கண் செருகிவிட்டது.

ணங்.

விழித்தாள். விடிந்திருந்தது. கையில் மகளின் கை இல்லை.

கொல்லைக் கதவு விரியத் திறந்திருந்தது. படியில் ஆர்த்தி உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், நாலு நாளாகத் தலை தூக்க முடியாதவள். தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பக்கத்தில் ஒரு செம்பு. அனுசுயா வைத்த செம்பு இல்லை அது. சொட்டை விழுந்தது.

"ஆர்த்தி!"

பிள்ளை திரும்பினாள். முகம் தெளிவாக இருந்தது. சிரித்தாள்.

"பெரியம்மா வந்தாங்கம்மா. நீ காலையில வரச் சொன்னியாமே. தண்ணி குடுத்தாங்க."

"எங்க... எங்க தண்ணி?"

"குடிச்சிட்டேன்."

மோவாயைப் பிடித்துப் புகட்டியிருக்கிறார்கள். ஒரு கன்னத்தில் பெருவிரல். மறு கன்னத்தில் நான்கு விரல். கருத்த வண்டல், இன்னும் ஈரம் காயவில்லை. அனுசுயா முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. தோல் சிவந்தது, தடம் அப்படியே இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தெருவில் டிராக்டர் சத்தம். பின்னால் பெரிய தொட்டி. யாரோ கத்தினார்கள். "தண்ணி வந்துருச்சு! நல்ல தண்ணி!" பஞ்சநதத்தின் குரல், மங்களாம்பிகையின் குரல், குடங்கள் மோதிக்கொள்கிற சத்தம். பதினோரு நாளாக ஊர் கேட்கக் காத்திருந்த சத்தம்.

அனுசுயா ஓடினாள். விழுந்து எழுந்து ஓடினாள். குடம் நிறையப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒரு நிமிஷம்கூட அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மங்கவில்லை. தெருமுனையில் மங்கவில்லை. வாசலில் மங்கவில்லை. அக்கா மன்னித்துவிட்டாள் என்று நினைத்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அண்டாவில் ஊற்றினாள். அடி வரைக்கும் தெரிந்தது. அண்டாவின் அடியில் வெட்டியிருந்த அவள் பெயரைக்கூடப் படிக்க முடிந்தது. டம்ளரில் மொண்டு மகளின் வாயருகே கொண்டுபோனாள்.

ஆர்த்தி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் தெளியலம்மா."

"தெளிஞ்சிருக்குடி. பாரு கண்ணு. நல்லா பாரு."

"தெளியல."

"ஒரு வாய். அம்மாவுக்காக ஒரே ஒரு வாய்டா."

உதடு திறக்கவில்லை. அனுசுயா தாடையைப் பிடித்தாள். அந்தத் தடத்தின் மேலேயே விரல் வைத்துப் பிடித்தாள். பூட்டிய கதவு. தண்ணீர் வழிந்து கழுத்தில் இறங்கியது. உள்ளே ஒரு சொட்டுப் போகவில்லை. சற்று முன்பு பளிச்சென்று இருந்த முகத்தில் உதடு வெடித்திருந்தது. வெடிப்பில் ரத்தம்கூட வரவில்லை. கண்கள் இன்னும் உள்ளே போயிருந்தன.

தெருவில் டிராக்டர் நிற்கிறது. அதில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். அனுசுயா குனிந்து மகளை வாரினாள். வரவில்லை. மறுபடி வாரினாள். ஆறு வயதுப் பிள்ளை, பதினோரு நாளில் எலும்பாகிப் போனவள், தண்ணீரில் ஊறிய நெல்மூட்டை கனம் கனத்தாள். கத்தினாள். "அண்ணே! யாராச்சும் வாங்களேன்!" தெருவில் எல்லாரும் தண்ணீர் தண்ணீர் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தியதும் அதோடு போய்விட்டது. டிராக்டர் கிளம்பியது. சத்தம் தேய்ந்தது.

வீடு முழுக்கத் தண்ணீர் வாசனை.

வெற்றிலை வாசனை.

ஆர்த்தி அண்டாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, வலது கையை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினாள். அலை எழவில்லை. அடியைத் தொட்டதும் ஐந்து விரலையும் அகல விரித்து அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

"தெளியட்டும்மா," என்றாள், பொறுமையாக. "காலையில குடிக்கிறேன்."

தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. அண்டாவின் அடியில் மகளின் விரல்களை அனுசுயா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான்கு விரல்கள் முழுசாகத் தெரிந்தன.